ஓவன் இல்லாமல் புரோட்டீன் பார்: அளவும் பதமும்

ஓவனில் வைக்கும் பண்டத்தை இறுக்கிக் கொடுக்கும் வேலையைச் சூடு பார்த்துக்கொள்கிறது. முட்டை இருந்தால் இறுகும், மாவு இருந்தால் வெந்து பிடித்துக்கொள்ளும். வேகவைக்காத பாரில் அந்தத் துணை இல்லை. தேனின் பிசுக்கு, பீனட் பட்டரின் கொழுப்பு, கையால் கொடுக்கும் அழுத்தம், ஃப்ரிட்ஜின் குளிர் ஆகிய நான்கும்தான் அதைச் சேர்த்துப் பிடிக்கின்றன. கலவையின் பதம் தவறிவிட்டால் ஃப்ரிட்ஜ் காப்பாற்றாது.

பதத்தைத் தீர்மானிப்பது புரோட்டீன் பவுடர். அது ஈரத்தை உடனே குடித்து முடிப்பதில்லை. பாத்திரத்தில் இருக்கும்போது கொஞ்சம், அழுத்தி வைத்த பிறகு கொஞ்சம், ஃப்ரிட்ஜில் நாள் கணக்கில் இன்னும் கொஞ்சம் என்று குடித்துக்கொண்டே இருக்கும். கலந்த கையோடு "தளர்வாக இருக்கிறதே" என்று இன்னொரு ஸ்கூப் போடுபவர்கள்தான் மறுநாள் செங்கல்லைக் கடிக்கிறார்கள்.

அளவு

20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் உள்ள பிரெட் டின்னுக்கு இது சரியாக இருக்கும். ஏறத்தாழ 2 செ.மீ. உயரத்தில் 10 பார் வரும்.

- ரோல்டு ஓட்ஸ்: 120 கிராம்
- வே (whey, பால் திரியும்போது பிரியும் தெளிநீர்) புரோட்டீன் பவுடர், இனிப்புச் சேர்க்காதது: 90 கிராம்
- பீனட் பட்டர், நிலக்கடலை (இருந்தால் உப்பும்) மட்டும் உள்ளது: 160 கிராம்
- தேன்: 100 கிராம்
- பாதாம், பொடியாக நறுக்கியது: 30 கிராம்
- பால்: 30 மி.லி. வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், இன்னும் 15 மி.லி. பக்கத்தில் இருக்கட்டும்
- வெனிலா எசன்ஸ்: 1 தேக்கரண்டி
- உப்பு: கால் தேக்கரண்டி (பீனட் பட்டரில் ஏற்கெனவே உப்பு இருந்தால் இதில் பாதி)

ஒரு பார் 50 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். புரதம் சுமார் 13 கிராம், கலோரி சுமார் 220, தேனிலிருந்து மட்டும் வரும் சர்க்கரை 8 கிராம். மேலே சாக்லேட் பூசினால் கலோரி 260 பக்கம் போய்விடும். 'ஹெல்தி' என்ற சொல்லை நம்பி மூன்று பாரை உள்ளே தள்ளினால் அது ஒரு முழுச் சாப்பாட்டின் கணக்கு. பாரில் கலோரி அதிகமாக வருவது பீனட் பட்டரிலிருந்துதான். தேனுக்கு அடுத்த இடம்கூடக் கிடையாது.

கப், கரண்டிக் கணக்கை விட்டுவிட்டு டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு மேசைக்கரண்டி பீனட் பட்டரைத் தட்டையாக வழித்தால் 16 கிராம். குவித்து எடுத்தால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஸ்கூப்பும் அப்படித்தான். ஒரு டப்பாவின் ஸ்கூப் 30 கிராம் என்றால் இன்னொன்றின் ஸ்கூப் 25 ஆகவோ 35 ஆகவோ இருக்கும். 3 ஸ்கூப் போட்டால் 30 கிராம் வித்தியாசம் வந்துவிடலாம். இந்த அளவுக் கலவைக்கு 30 கிராம் பவுடர் என்பது நல்ல பாருக்கும் உதிரும் பாருக்கும் உள்ள தூரம்.

எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது

ரோல்டு ஓட்ஸ் தயாரிக்கும்போதே ஆவியில் வெந்து, தட்டையாக்கப்பட்டு வருகிறது. அதனால் அப்படியே சாப்பிடலாம். ஸ்டீல் கட் ஓட்ஸ் இங்கே ஆகாது. எத்தனை மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருந்தாலும் பல்லில் கல்போல் நறநறக்கும். குயிக் ஓட்ஸ் பரவாயில்லை, ஆனால் அது சீக்கிரம் ஈரத்தை இழுத்துக் குழைந்துவிடும். கடிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஓட்ஸ் இல்லையே என்று கோதுமை மாவையோ மைதாவையோ பச்சையாகப் போட வேண்டாம். பச்சை மாவில் சால்மொனெல்லா, ஈ.கோலை போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். வேகவைக்காத பண்டத்தில் அவற்றைக் கொல்ல எந்தப் படியும் இல்லை.

பீனட் பட்டரில் எண்ணெய் மேலே மிதந்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல அடையாளம். ஆனால் அடிவரை கரண்டியை விட்டுக் கிளறாமல் எடுத்தால் வம்பு. முதல் தடவை எடுக்கும்போது பார் எண்ணெயாகக் கசியும். டப்பாவின் அடிக்கு வரும்போது அதே அளவுக்கு மணலாக உதிரும். இரண்டுக்கும் குறை சொல்லப்படுவது செய்முறை. டப்பாவை முதல் நாள் இரவே தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் கிளறும் வேலை பாதியாகும். எண்ணெய் பிரியாத வகைகளில் வழக்கமாக ஹைட்ரஜனேற்றிய எண்ணெயோ பாமாயிலோ சேர்ந்திருக்கும், சர்க்கரையும் இருக்கும். அதில் பார் செய்தால் நன்றாகவே நிற்கும். ஆனால் வீட்டில் செய்வதன் காரணமே அப்போது பாதி போய்விடுகிறது.

பவுடரை இனிப்பில்லாததாக வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இனிப்பூட்டிய பவுடரோடு 100 கிராம் தேனும் சேர்ந்தால் திகட்டும். திகட்டுகிறதே என்று தேனைக் குறைப்பார்கள். அங்கேதான் பார் உடைகிறது, ஏனென்றால் தேன் இங்கே இனிப்புக்காக மட்டும் இல்லை, அதுதான் பசை. 80 கிராமுக்குக் கீழே போனால் துண்டு நிற்காது. இனிப்பூட்டிய பவுடர்தான் கைவசம் இருக்கிறது என்றால் தேனைத் தொடாமல், உப்பைக் கொஞ்சம் கூட்டி, ஒரு மேசைக்கரண்டி இனிப்பில்லாத கோகோவைச் சேர்த்துப் பாருங்கள். பாலும் ஒரு தேக்கரண்டி கூடுதலாகக் கேட்கும்.

தேனுக்குப் பதில் மேப்பிள் சிரப் போடலாம், ஆனால் அது தேனைவிடத் தண்ணியானது. அடுப்பில் 3 நிமிடம் போலக் கொதிக்கவிட்டுக் கொஞ்சம் வற்றவைத்து, ஆறிய பின் நிறுத்துப் போடுங்கள். சர்க்கரைக்குப் பதில் மால்டிடால் சேர்ந்த சிரப்களைப் பயன்படுத்தினால், சிலருக்கு வயிறு உப்பும், இளகும். சைலிடால் என்ற மாற்று இனிப்பைச் சேர்த்த பாரை நாய்க்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது, அதற்கு அது நஞ்சு.

செய்முறை

ஓட்ஸை அடிகனமான வாணலியில் சிறு தீயில் 5 அல்லது 6 நிமிடம் வறுங்கள். நிறம் பெரிதாக மாறத் தேவையில்லை, வாசனை வந்தால் போதும். தட்டில் கொட்டி முழுதும் ஆறவிடுங்கள். ஆறியதும் பாதியை, அதாவது 60 கிராமை, மிக்ஸியில் மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். முழு ஓட்ஸ் மட்டும் போட்டால் இடுக்குகள் அதிகம், பார் வெட்டும்போது அந்த இடுக்கில்தான் பிளக்கும். முழுவதும் மாவாக்கினால் களிபோல் வாயில் ஒட்டும். பாதிக்குப் பாதி என்பது இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

ஓட்ஸ், ஓட்ஸ் மாவு, புரோட்டீன் பவுடர், பாதாம், உப்பு எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் போட்டு, பவுடர் கட்டிகளை விரலால் நசுக்கிக் கலந்துவிடுங்கள். ஈரம் பட்ட பிறகு கட்டி உடையாது.

பீனட் பட்டரையும் தேனையும் சின்னப் பாத்திரத்தில் சேர்த்துச் சிறு தீயில் இளக்குங்கள். மைக்ரோவேவ் என்றால் 20 முதல் 30 விநாடி. தேவை இளக்கம்தான், கொதி அல்ல. விரலை வைத்தால் இதமாக இருக்க வேண்டும். வெடுக்கென்று எடுக்க வைத்தால் ஆறவிடுங்கள். வே புரதம் 70 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருக்குலைந்து திரள ஆரம்பிக்கும். கொதிக்கும் கலவையைப் பவுடரில் ஊற்றினால் ரப்பர் முத்துகள்போல் திரிதிரியாக நிற்கும். சூடு பட்டால் புரதச் சத்தே போய்விடும் என்று சொல்வது மட்டும் தவறு. சத்து அப்படியே இருக்கும், கெடுவது மென்மை.

இளகிய கலவையில் வெனிலாவைச் சேர்த்து உலர்ந்த பொருட்களின் மேல் ஊற்றி, முதலில் கரண்டியாலும் பிறகு கையாலும் பிசையுங்கள். 30 மி.லி. பாலை மூன்று தவணையாகத் தெளியுங்கள். எல்லாம் சேர்ந்து வந்ததும் பாத்திரத்தை மூடி 10 நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். கை சும்மா இருக்காது, ஆனாலும் விடுங்கள்.

10 நிமிடம் கழித்துப் பதம் பார்க்க வேண்டும். எலுமிச்சை அளவு எடுத்து உள்ளங்கையில் வைத்து இறுகப் பிடித்து, கையைத் திறங்கள். சரியான பதத்தில் உருண்டை முழுசாக நிற்கும், விரல் ரேகை அதன்மேல் பதிந்திருக்கும், உள்ளங்கையில் லேசான எண்ணெய் மினுக்கு மட்டும் தங்கும். இப்போது கட்டைவிரலால் உருண்டையின் நடுவில் அழுத்துங்கள். ஓரம் வாய்பிளக்காமல் குழி விழுந்தால் டின்னுக்குப் போகலாம். ஓரத்தில் ஆழமாக வெடித்தால் ஈரம் போதாது. பாலை ஒரு தேக்கரண்டி மட்டும் சேர்த்துப் பிசைந்து, 2 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் ஈரம் மிஞ்சிவிட்டது. அப்போது புரோட்டீன் பவுடரை எடுக்காதீர்கள். ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸ் மாவு சேருங்கள். பவுடர் பின்னாலும் குடித்துக்கொண்டே இருக்கும், ஓட்ஸ் மாவு அந்த அளவுக்குப் பாரை இறுக்காது.

டின்னில் பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே தொங்கும்படி விரியுங்கள், பிடித்துத் தூக்க அதுதான் கைப்பிடி. கலவையைப் பரப்பி, மேலே இன்னொரு பட்டர் பேப்பர் போட்டு, தட்டையான அடியுள்ள டம்ளரால் அழுத்துங்கள். தட்டுவது போதாது. உடம்பின் பாரத்தைக் கையில் இறக்கி, மூலைகளிலிருந்து நடுவுக்கு 2 நிமிடம் அழுத்த வேண்டும். உதிரும் பார்களில் பெரும்பாலானவை பதம் சரியாக இருந்தும் இந்த 2 நிமிடத்தைச் சுருக்கியதால் உதிர்பவை.

ஃப்ரிட்ஜில் 1 மணி நேரம், அவசரமென்றால் ஃப்ரீசரில் 30 நிமிடம். பேப்பரோடு தூக்கிப் பலகையில் வைத்து, 20 செ.மீ. நீளத்தை 2 செ.மீ.க்கு ஒரு துண்டாகக் குறுக்கே வெட்டுங்கள். கத்தியை நேராகக் கீழே இறக்குங்கள். ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுத்தால் பாதாம் துண்டு மாட்டி ஓரம் சிதையும்.

பவுடரை மாற்றினால் பாலும் மாறும்

மேலே சொன்ன 30 மி.லி. என்பது வழக்கமான வே வகையான கான்சன்ட்ரேட்டுக்கு. புரதத்தை இன்னும் சுத்தமாகப் பிரித்தெடுத்த ஐசோலேட் வகை இன்னும் குறைவாகக் கேட்கும், 15 மி.லி.யில் தொடங்குங்கள், இல்லாவிட்டால் பிசின்போல் இழுபடும். பாலின் இன்னொரு புரதமான கேசீன் இதற்கு நேர்மாறு. தண்ணீரை நன்றாக இழுத்துக் கெட்டியாகும் குணம் அதற்கு, 60 மி.லி. வரைகூடப் போகலாம். பாதி வே, பாதி கேசீன் என்று கலந்தால் கிடைக்கும் மென்மை தனியாக எதிலும் வராது; இரண்டும் வீட்டில் இருந்தால் அதையே செய்யுங்கள்.

பட்டாணி, அரிசி புரோட்டீன்களும் ஈரம் அதிகம் கேட்பவை, 45 முதல் 60 மி.லி. கூடவே ஒரு நறநறப்பும் மண்வாசனையும் வரும். கோகோ அதை மறைக்கும். அரைத் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபித் தூள் இன்னும் நன்றாக மறைக்கும். பால் சேர்க்காதவர்கள் தண்ணீரோ சோயா பாலோ ஊற்றலாம்.

பவுடரே வேண்டாம் என்பவர்களுக்குக் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் உண்டு. 100 கிராமில் 35 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. அதே 90 கிராம் போட்டால் ஒரு பாரின் புரதம் 13 கிராமிலிருந்து 9 கிராமாக இறங்கும். ருசி என்னவோ இதில்தான் அதிகம். பாலை 10 மி.லி.யோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பால் பவுடர் ஈரத்தில் சட்டென்று கரைந்து ஒட்ட ஆரம்பித்துவிடும்.

சத்துக்கு என்று சியா விதையைத் தூவுபவர்கள் கவனிக்க: அது தன் எடையைப் போலப் பத்து மடங்கு தண்ணீரை இழுக்கக்கூடியது. ஒரு தேக்கரண்டிக்கு மேல் போட்டால் மறுநாள் பார் வறண்டுபோகும்.

பேரீச்சைக் கலவை

தேனும் பீனட் பட்டரும் இல்லாமல் செய்ய இது ஒரு வழி. கொட்டை நீக்கிய பேரீச்சை 200 கிராம், பாதாம் 100 கிராம், பூசணி விதை 50 கிராம், பட்டாணி புரோட்டீன் 60 கிராம், கோகோ 15 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. பேரீச்சை காய்ந்து கெட்டியாக இருந்தால் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக வடித்து, துணியால் ஒற்றி எடுங்கள். மெஜூல் போன்ற மெத்தென்ற வகைக்கு ஊறலே தேவையில்லை.

முதலில் பாதாமையும் விதையையும் தனியாக, விட்டு விட்டு, ரவை அளவுக்கு அரைத்து எடுத்துவிடுங்கள். ஒரே ஓட்டமாக ஓட்டினால் எண்ணெய் பிரிந்து பாரின் மேல் கசியும். பிறகு பேரீச்சையை விழுதாக்கி, எல்லாவற்றையும் சேர்த்துக் கையால் பிசையுங்கள். இங்கேயும் 10 நிமிடம் பொறுத்துத்தான் பதம் பார்க்க வேண்டும். 1 முதல் 2 மேசைக்கரண்டி தண்ணீர் கேட்கும். 10 துண்டு போட்டால் ஒன்றில் 9 கிராம் புரதம், 170 கலோரி அளவில் வரும். பேரீச்சையின் சர்க்கரையும் சர்க்கரைதான், நார்ச்சத்து கூட வருவது மட்டும் அதற்குள்ள சாதகம்.

கெட்டுப்போனதை மீட்பது

வெட்டும்போது உதிர்ந்தால் குப்பையில் போட வேண்டாம். முழுவதையும் பாத்திரத்தில் உதிர்த்து, ஒரு மேசைக்கரண்டி தேனையும் ஒரு தேக்கரண்டி பாலையும் இளஞ்சூடாக்கி ஊற்றிப் பிசைந்து, மறுபடி அழுத்திக் குளிரவையுங்கள். இரண்டாவது முறை நிற்காமல் போவது அபூர்வம்.

இரண்டு மூன்று நாளில் கல்லாகிவிடுவதுதான் அடிக்கடி வரும் புகார். பவுடர் அதிகமாகவோ தேன் குறைவாகவோ இருந்திருக்கும், அல்லது மூடாமல் ஃப்ரிட்ஜில் வைத்துக் காய்ந்திருக்கும். கடையில் விற்கும் பார்களில் கிளிசரின் சேர்ப்பது ஈரத்தைப் பிடித்துவைத்து இந்த இறுக்கத்தைத் தள்ளிப்போடத்தான். வீட்டில் அந்த வேலையைத் தேனும் பேரீச்சையும் செய்கின்றன. பவுடர் 90 கிராமில் 20 கிராமை எடுத்துவிட்டு ஓட்ஸ் மாவு போட்டுப் பாருங்கள். இறுகிவிட்ட பாரை மைக்ரோவேவில் 10 விநாடி காட்டினால் கடிக்கும் அளவுக்கு இளகும்.

வெளியே எடுத்து அரை மணியில் தொய்ந்துபோனால், பீனட் பட்டரைக் குறைத்துத் தேங்காய் எண்ணெய் ஊற்றியிருப்பீர்கள். அது 24 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். ஃப்ரிட்ஜில் பாறைபோல் நின்றது, அறைக்கு வந்ததும் இளகிவிட்டது.

சாக்லேட் பூச்சு

விருப்பம்தான். டார்க் சாக்லேட் 60 கிராமை நறுக்கி, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயோடு, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் சாக்லேட் மொரமொரவென்று திரண்டுவிடும். கரண்டி, பாத்திரம் இரண்டையும் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். எண்ணெய் சேர்ப்பது பளபளப்புக்காக அல்ல. அது இல்லாவிட்டால் வெட்டும்போது பூச்சு ஓடுபோல் நொறுங்கும். பூசியதும் 10 நிமிடம் குளிரவைத்து, அரைகுறையாக இறுகும்போதே கத்தியால் கோடு போட்டுவிடுங்கள். முழுதும் இறுகியபின் வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியை அதே கோட்டில் இறக்கினால் வெட்டு சுத்தமாக விழும்.

வைத்துக்கொள்வதும் யாருக்குக் கொடுப்பதும்

பால் சேர்ந்த பண்டம் என்பதால் இருப்பிடம் ஃப்ரிட்ஜ்தான். ஒவ்வொன்றையும் பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் நன்றாக இருக்கும். ஃப்ரீசரில் 2 மாதம் வரை வைக்கலாம். வேண்டியதை முதல் நாள் இரவே, சுற்றிய பேப்பரோடு, கீழே ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். பேப்பரைப் பிரித்துவிட்டு வெளியே வைத்தால் பாரின் மேலேயே நீர் கோத்து ஓட்ஸ் சொதசொதத்துவிடும். காலையில் பையில் போட்டு மதியத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவைக்க ஏற்ற பண்டம் அல்ல.

தேன் இருப்பதால் 1 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குத் துளியும் கொடுக்கக் கூடாது; குழந்தைகளுக்கு வரும் பொட்டுலிசம் என்ற நோய்க்கு அது காரணமாகலாம். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்குச் செய்யும்போது பாதாமை நறுக்காமல் பொடித்துவிடுங்கள், தொண்டையில் சிக்காது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரோட்டீன் பவுடர் பக்கம் போக வேண்டாம். நிலக்கடலை ஒவ்வாதவர்களுக்குச் சூரியகாந்தி விதை பட்டர் அதே 160 கிராம் அளவில் அப்படியே பொருந்தும். முதலில் டின், மிக்ஸி ஜார், டம்ளர் எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அந்தக் கலவையைத் தொடங்குங்கள்.